நாலாவது ஆள்: தண்டையார்பேட்டை செல்போன் பறிப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வழக்கு சின்னதுதான். ஜூன் முதல் வாரம், வேலை நாள், இரவு ஏழே முக்கால் இருக்கும். தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெரு முனையில், பைக்கில் வந்த இருவர் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் செல்போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். இழுத்த வேகத்தில் அவர் விழுந்தார், வலது மணிக்கட்டு முறிந்தது. பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கிய போன் அன்று இரவே இரண்டாயிரத்துக்குக் கைமாறியது. ஐந்தாம் நாள் இருவரும் பிடிபட்டார்கள். பின்னால் உட்கார்ந்து பறித்தவனுக்கு வயது 19, வண்டி ஓட்டியவனுக்கு 17.

பெரியவன் ஜாமீனில் வந்த பிறகு அவனுடைய வழக்கறிஞர் என்னிடம் அனுப்பினார். வடசென்னைப் பையன்களோடு பேசுவதுதான் என் தொழில். இந்த ஆய்வில் வருகிறவன் ஒரே ஆள் இல்லை. ஒன்றுபோல இருந்த சில வழக்குகளைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். பதினேழு வயதுக்காரனைப் பற்றி வேண்டுமென்றே அதிகம் சொல்லவில்லை. அவன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்தில் இருக்கிறது, சிறாரின் அடையாளத்தை வெளியிடச் சட்டமும் விடாது.

முதல் நாள் அவன் சொன்னது ஒரே வரி: “சும்மா தோணுச்சு சார், பண்ட்டோம்.” காவல்துறை ஆவணத்தில் இருந்தது வேறு மாதிரி. “நோட்டமிட்டுத் திட்டமிட்டு” என்று அதில் எழுதியிருந்தது. வழக்கறிஞருக்கு முதல் வாக்கியம் பிடித்திருந்தது, அரசுத் தரப்புக்கு இரண்டாவது. பல வாரம் பேசிய பிறகு எனக்குத் தெரிந்தது இரண்டுமே பாதிதான். செய்யலாம் என்ற முடிவு நிமிஷத்தில் வந்தது, அதில் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரிடம் என்பது அப்படித் தோன்றியது அல்ல. அந்தப் பெண்ணுக்கு முன்னால் அவன் மூன்று பேரைப் பார்த்து, யோசித்து, விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

தடைக்காலம்

அவன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் லோடு தூக்குகிறவன். விடியலுக்கு வெகுநேரம் முன்பே போய், விடிந்து வெயில் ஏறும்போது திரும்புவான். மீன் கூடை, ஐஸ் பெட்டி, அன்றன்றைக்குக் கையில் கூலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்கான தடை அது. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. லோடு தூக்குகிறவர், ஐஸ் உடைக்கிறவர், மீன் வெட்டிக் கொடுக்கிற அக்கா எனக் கரையில் நின்று பிழைக்கிற பலருக்கு அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது. இவன் பெயரும் இல்லை.

வீட்டில் தண்டல் ஓடிக்கொண்டிருந்தது. பத்தாயிரம் என்று சொல்லி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிக்கிற கணக்கு. தடைக்காலம் தொடங்கியதும் பாக்கி விழுந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தங்கைக்கு நோட்டு, யூனிஃபார்ம் செலவு வேறு. சம்பவத்தன்று மத்தியானம் தண்டல்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். இதை அவன் மூன்று முறை சொன்னான், மூன்று முறையும் எதிர்வீட்டுக் கதவைச் சொல்லித்தான் முடித்தான். பணத்தைவிட அதுதான் அவனைக் குத்தியிருக்கிறது.

கையில் காசு இறுகும்போது மூளைக்கு என்ன ஆகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது அது. ஒரே ஆள், அதே மாதிரியான சோதனை. அறுவடைப் பணம் வருவதற்கு முன் யோசிக்கும் திறனிலும் கவனத்தைக் கட்டுப்படுத்துவதிலும் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்த பிறகு ஏறியது. அந்த விவசாயிகளில் யாரும் போய் போன் பறிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஜூனில் காசிமேட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களும் பறிக்கவில்லை. தடைக்காலம் இவனுக்குப் பிடியைத் தளர்த்தியது, அவ்வளவுதான். கையை நீட்டியது அவன்.

அவசரபுத்தியில் எந்த வகை

குற்றவியலில் 1990இல் காட்ஃபிரெட்சனும் ஹிர்ஷியும் முன்வைத்த வாதம் ரொம்பப் பிரபலம். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பழக்கம் சின்ன வயதிலேயே வீட்டில் உருவாகிவிடுகிறது, அது இல்லாதவர்கள்தான் பெரும்பாலான குற்றங்களைச் செய்கிறார்கள் என்பது அதன் சாரம். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் (இந்தப் பகுதி 2011இல் வந்தது) கூட்டத்தை மொத்தமாகப் பார்த்தால் இதற்கு ஆதரவுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு பையனை வைத்துக்கொண்டு இந்த வாதத்தை ஒட்டிப் பார்த்தால் இடிக்கிறது.

இவன் காரம் போர்டு ஆடுகிறவன். கடைசிக் காய்க்காக எதிராளி தப்பு பண்ணும்வரை பாதுகாப்பாகவே ஆடிக்கொண்டிருக்கிற பொறுமைசாலி. வேலைக்கு ஒருநாள் தாமதமாகப் போனதில்லை. அவசரபுத்தியை அளக்கும் பாரட்டின் 30 கேள்விப் படிவத்தைக் கொடுத்துப் பார்த்தேன், மதிப்பெண் சாதாரணமாக இருந்தது. அந்தப் படிவத்தை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால் “அவசரபுத்தி இல்லாதவன், ஆகவே திட்டமிட்டே செய்தான்” என்று முடிந்திருக்கும்.

வைட்சைட், லைனம் இருவரும் 2001இல் அவசரபுத்தியைப் பிரித்துப் போட்டார்கள். பின்விளைவை யோசிக்காதது ஒன்று, தொடங்கியதை முடிக்காமல் விடுவது ஒன்று, திகில் தேடுவது ஒன்று, மனம் கொதிக்கும்போது கை முந்திக்கொள்வது ஒன்று. நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. இவனுக்கு முதல் மூன்றிலும் பெரிய குறை இல்லை. நாலாவதில்தான் கோளாறு. பத்தாம் வகுப்பில் வாத்தியார் எல்லோர் முன்னாலும் திட்டியதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் திரும்பப் போகவேயில்லை. துறைமுகத்தில் ஒருமுறை யாரோ அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கு ஐஸ் குத்தும் கம்பியை ஓங்கியிருக்கிறான். அவமானம், உடனே ஒரு செய்கை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. மற்ற நேரமெல்லாம் காரம் ஆடுகிற பையன்.

அன்று மாலை சின்னவன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான், அவன் பெரியம்மா மகனுடைய வண்டி. டீ குடிக்கும்போது போன் பறித்துச் சம்பாதிக்கிற யாரைப் பற்றியோ பேச்சு வந்தது. “நம்மளும் போலாமா” என்று இவன்தான் பாதி விளையாட்டாகக் கேட்டிருக்கிறான். “நீ பேசத்தான் லாயக்குண்ணா” என்று சின்னவன் சிரித்தான். அதற்கப்புறம் வண்டியில் ஏறுவதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை என்றான். கார்ட்னரும் ஸ்டெயின்பெர்க்கும் 2005இல் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தனியாக ஆடும்போது ஓரளவு நிதானமாக இருந்த பதின்வயதினர், கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்றதும் கண்டபடி துணிந்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இங்கே பார்த்துக்கொண்டிருந்தவன் தன்னைவிட இரண்டு வயது சின்னவன் என்பது விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. அண்ணன் என்று கூப்பிடுகிறவன் முன்னால் பின்வாங்க முடியாது.

போதை பற்றியும் கேட்டேன். மாவா (பாக்குப் புகையிலை) மட்டும்தான், மாத்திரை கிடையாது என்றான். பிடிபட்டது ஐந்தாம் நாள் என்பதால் பரிசோதனையில் தெரியாமல் போயிருக்கலாம். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

தாண்டிப் போன மூன்று பேர்

“என்ன நடந்தது, சொல்” என்று கேட்டால் எல்லாரும் வழக்கு ஆவணத்தில் இருப்பதையே ஒப்பிப்பார்கள். அதனால் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒரு கோடாகப் போட்டுக் கொடுத்தேன். வண்டி எங்கெல்லாம் வேகம் குறைந்தது என்று புள்ளி வைக்கச் சொன்னேன். அதுவும் கடைசியிலிருந்து பின்னோக்கி. இது என் கண்டுபிடிப்பு இல்லை, சாட்சிகளின் நினைவைக் கிளறுவதற்கு ஃபிஷரும் கைசல்மேனும் 1980களில் உருவாக்கிய நேர்காணல் முறையில் உள்ள வழிதான். பின்னோக்கிச் சொல்லும்போது ஒத்திகை பார்த்த கதை உடைந்துவிடும். அவன் நான்கு புள்ளி வைத்தான். அவனுக்கே ஆச்சரியம்.

முதல் புள்ளி மகாராணி பஸ் ஸ்டாப். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பெரிய போனில் வீடியோ பார்த்துக்கொண்டு நின்றார். போன் நல்ல விலை போகும். வண்டி மெதுவானது. ஏன் விட்டாய் என்றால், “அவரு பாத்துட்டாரு சார்.” வண்டியைப் பார்த்தாரா, உன்னைப் பார்த்தாரா? “மூஞ்ச பாத்தாரு. சும்மா, பஸ்ஸு வருதான்னு பாக்கறாப்ல.” அவர் சந்தேகப்படவில்லை, முறைக்கவும் இல்லை. நிமிர்ந்து பார்த்த ஒரு பார்வை, அது போதுமாக இருந்திருக்கிறது.

அங்கிருந்து எம்.சி. ரோடு பக்கம் திரும்பி, நுழையாமலே வந்துவிட்டார்கள். ஸ்கூல் திறக்கிற சமயம், துணிக்கடைகளில் அப்பிக்கொண்ட கூட்டம், ஒவ்வொருவர் கையிலும் போன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அதுதான் திருடனுக்குச் சொர்க்கம் என்று தோன்றும். அவன் சிரித்தான். “அங்க பிக்பாக்கெட் அடிக்கிறவன் தொழில் பண்ணலாம். வண்டி எங்க சார் நவுறும்?” பிக்பாக்கெட்டுக்குக் கூட்டம் வேண்டும், பைக்குக் காலிச் சாலை வேண்டும். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் மெதுவாகும் இடத்தில் படிக்கட்டுப் பயணிகளின் கையில் குச்சியால் தட்டிப் போனை விழவைக்கிறவர்களுக்கோ கூட்டமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், சிக்னல் போதும்.

இரண்டாவது புள்ளியில்தான் நிறைய நேரம் செலவானது. கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த வயதான அம்மா, கழுத்தில் கனமான சங்கிலி, கையில் பேத்தி. “பாட்டி மாரி இருந்தாங்க சார், மனசு வரல.” கேட்க நன்றாக இருந்தது, நம்பவும் ஆசைதான். ஆனால் புள்ளி வைத்த இடத்தில் சாலை எப்படி இருந்தது என்று கேட்டபோது வேறொன்று வந்தது. கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டி இரும்புத் தகடு போட்டிருந்தார்களாம். தகட்டின் மேல் வண்டியை முறுக்க முடியாது, வழுக்கும். குழந்தை சாலைப் பக்கம் வேறு நடந்துகொண்டிருந்தது. சரி, தகடு இல்லாமல் இருந்திருந்தால்? ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “தெர்ல சார்” என்றான்.

செய்த குற்றத்துக்கு நியாயம் கற்பிக்கும் வழிகளை சைக்ஸும் மாட்சாவும் 1957இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். செய்யாமல் விட்டதற்கும் நாம் நியாயம் கற்பிக்கிறோம் என்பதை இந்த மாதிரிப் பையன்களிடம்தான் நான் கற்றேன். தகடு முதலில், பாட்டி அப்புறம். அதற்காகப் பாட்டி பொய் என்று எழுத மாட்டேன். பாட்டியை நினைக்கிற மனசு அவனிடம் இருக்கிறது, வேலை செய்ய அதற்கு ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த நொடியைக் கொடுத்தது இரும்புத் தகடு.

மூன்றாவது ஆள் காதில் ஹெட்போன் மாட்டிய கல்லூரிப் பையன், அகஸ்தியா ஸ்டாப்பிங் அருகே. தியேட்டர் மூடி வருஷங்கள் ஆனாலும் ஸ்டாப்பிங்குக்கு அந்தப் பேர்தான். பையன் சுற்றுமுற்றும் பார்க்கவே இல்லை. ஆனால் போன் சுவர்ப் பக்கத்துக் கையில் இருந்தது, எதிரே ஒரு பேரிகேடும் இருந்தது. லேசாக வேகம் குறைத்ததோடு சரி, போய்விட்டார்கள்.

நாலாவது ஆள் அந்தப் பெண். ஆவணப்படி மருந்துக் கடையில் பில் போடுகிறவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். நடைபாதையில் வரிசையாக டூவீலர்கள், நடுவில் ஒரு மின் இணைப்புப் பெட்டி. அதனால் சாலையில் இறங்கித்தான் நடந்தாக வேண்டும். இடதுபுறம் நடந்ததால் வண்டிகள் அவருக்கு முதுகுப்பக்கம் வந்தன. இடது தோளில் டிபன் பை. போன் வலது காதில், அதாவது சாலைப் பக்கம். வீட்டிலிருந்து பிள்ளை பேசிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி குறுக்குத் தெரு. முனையில் எப்போதும் இருக்கிற இட்லிக் கடை, அதே குழாய் வேலையால் சில நாளாகப் போடவில்லை. தெருவிளக்கும் எரியவில்லை.

“போன்ல பேசிக்கினே போனாங்க. சந்து பக்கத்துல இருந்துச்சு. அந்தச் சந்துல காரம் போர்டு ஆட வருவேன், எங்க வெளிய வரும்னு தெரியும்.” மூன்று வாக்கியம். இதில் அந்தப் பெண்ணைப் பற்றியது ஒன்று, சந்து பற்றியது இரண்டு.

1979இல் கோஹனும் ஃபெல்சனும் சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறது. குற்றம் நடக்க மூன்று ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும்: செய்யத் தயாராக இருக்கிறவன், வாகான இலக்கு, தட்டிக்கேட்க ஆள் இல்லாத நிலை. தட்டிக்கேட்கிற ஆள் என்றால் போலீஸ் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது இட்லிக் கடை அம்மாதான். பிரான்டிங்காம் தம்பதியின் ஆய்வுகள் இன்னொன்றைச் சேர்க்கின்றன. குற்றம் செய்கிறவர்கள் ஊரெல்லாம் தேடி அலைவதில்லை, தினமும் புழங்கும் வழிகளை ஒட்டியே இலக்கு கண்ணில் படுகிறது. அதே சமயம் தன்னை அடையாளம் தெரிந்த சொந்தத் தெருவைத் தவிர்ப்பார்கள். “நம்ம தெருல யாராவது பண்ணுவாங்களா சார்” என்று அவன் கேட்ட தொனியில், நான்தான் ஏதோ ஒழுங்கில்லாதவன் என்பது போல இருந்தது.

நடையைப் பார்த்தா தேர்ந்தெடுக்கிறார்கள்?

இந்தத் தலைப்பு எங்கே வந்தாலும் ஒரு ஆய்வைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1981இல் கிரேசன், ஸ்டெயின் இருவரும் நியூயார்க் தெருவில் நடந்து போகிற 60 பேரை அவர்களுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து, தாக்குதல் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். யாரைத் தாக்குவது சுலபம் என்பதில் சிறைவாசிகளிடம் பெரிய அளவில் ஒத்த கருத்து இருந்தது. எட்டு வைக்கும் நீளம், கால் ஊன்றும் விதம், உடம்பும் கையும் சேர்ந்து அசைகிறதா என்பது போன்றவற்றில் அந்த ஆட்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார்கள். 2013இல் கனடாவில் ஏஞ்சலா புக் குழுவினர் கடுங்காவல் சிறையில் 47 பேரிடம் இதே மாதிரி சோதித்தார்கள். இரக்கமற்ற, மற்றவரை ஆட்டிவைக்கும் குணம் அதிகமுள்ள கைதிகள், முன்பு தாக்கப்பட்டவர்களை நடையை வைத்தே கூடுதலாகச் சரியாக அடையாளம் கண்டார்கள், நடையைத்தான் பார்த்தோம் என்றும் சொன்னார்கள்.

நல்ல ஆய்வுகள்தான். கோளாறு அவற்றை எடுத்துச் சொல்கிற விதத்தில். “நிமிர்ந்து நட, உன்னை ஒருவனும் தொடமாட்டான்” என்று தற்காப்பு வகுப்பில் ஆரம்பித்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரை வந்துவிட்டது. அந்த ஆய்வுகளில் இருப்பது தனியாக ஓர் உடலை எடைபோடுகிறவர்கள், எதிரே வெறும் திரை. தப்பிக்கும் வழி, இரும்புத் தகடு, பேரிகேடு எதுவும் திரையில் கிடையாது. பைக்கில் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு நடையைப் படிக்க நேரமும் இல்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த பெண்ணின் நடை தளர்ந்துதான் இருந்திருக்கும். கேட்டேன். “கவனிக்கல சார்” என்றான். கவனிக்காமலே மனம் பதிந்துகொண்டிருக்கலாம், அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அன்றைக்கு மூன்று பேரைக் காப்பாற்றியவை ஒரு பார்வை, ஒரு தகடு, ஒரு பேரிகேடு. மூன்றில் ஒன்றுதான் ஆளோடு சம்பந்தப்பட்டது.

அந்தப் பெண்

அவரை நான் சந்திக்கவில்லை, சந்திப்பது சரியும் அல்ல. இழப்பீட்டு மனு விஷயமாகப் போன சமூகப் பணியாளர் சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, “ரோட்டுல ஏம்மா போன் பேசிக்கினு போற?” வீட்டிலும் அதே கேள்வி, கொஞ்சம் மாற்றி. கை சரியாகும்வரை பில் போட முடியவில்லை, சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, ஷேர் ஆட்டோ.

பாதிக்கப்பட்டவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்வதை ரோனி ஜானஃப்-புல்மன் 1979இல் இரண்டாகப் பிரித்தார். “அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது” என்று செய்கையைக் குறை சொல்வது ஒன்று. “நான் இப்படித்தான், ஏமாளி” என்று தன்னையே குறை சொல்வது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆளை உள்ளுக்குள் அரிக்கும். அக்கம்பக்கத்தின் கேள்விகள் முதலாவதில் தொடங்கி அவரை இரண்டாவதில் கொண்டுபோய் விட்டிருந்தன. பையனின் நாட்காட்டித் தாளைப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அகஸ்தியா பக்கத்தில் காதை அடைத்துக்கொண்டு போன கல்லூரிப் பையன் அவரைவிடப் பலமடங்கு கவனக்குறைவானவன், அவன் போன் அவனிடமே இருக்கிறது.

போனைச் சுவர்ப் பக்கத்துக் கையில் பிடி, முடிந்தால் வண்டிகளுக்கு எதிர்முகமாக நட, பைக் மெதுவானால் ஓட்டுகிறவன் முகத்தைப் பார். இதையெல்லாம் என் வீட்டுப் பெண்களிடம் நானும் சொல்கிறேன். சம்பவத்துக்கு முன்னால் சொன்னால் அது யோசனை. விழுந்து எழுந்து வந்தவரிடம் சொன்னால் அதற்குப் பேர் வேறு.

பயம் எங்கே போனது

குண்டாஸ் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். 1982ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணைக்கு முன்பே பன்னிரண்டு மாதம்வரை உள்ளே வைக்கலாம் என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பிடிபட்டவர்கள் ‘வழுக்கி விழுந்து’ கையில் மாவுக்கட்டோடு நிற்கிற படங்களை அவனே ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். அப்படிக் கட்டு போட்ட ஒருவன் அவன் தெருவிலேயே இருக்கிறான். அந்தப் படங்களுக்குக் கீழே கைதட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். அன்று ஏழே முக்காலுக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்ததா? “அப்ப எதுவும் வரல சார். நைட்டு வீட்ல படுத்ததும் வந்துச்சு.” தண்டனையின் கடுமையைவிட, மாட்டுவோம் என்கிற நிச்சயமே தடுக்கும் என்று டேனியல் நேகின் போன்றவர்கள் பல வருஷமாக எழுதிவருகிறார்கள். முகத்தைப் பார்த்த ஒருவர் அவனை நிறுத்தினார், மாவுக்கட்டு நிறுத்தவில்லை.

இன்னொரு பக்கம் பணம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்க்க வேண்டும். பறித்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாயிரம், ஆளுக்கு ஆயிரம். இவன் பங்கில் அறுநூறு தண்டலுக்கு, மீதி பிரியாணிக்கு. ஆறு நாள் தண்டல். இந்த அவசரத்தைத் தாங்கிக்கொள்ள, பில் கேட்காமல் எடுத்துக்கொள்கிற ஒருவர் அதே நேரத்தில் கடை திறந்து உட்கார்ந்திருக்க வேண்டும். 2023இல் நாடு முழுக்க வந்த மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் திருட்டுப் போனை முடக்கலாம், நல்ல விஷயம். ஆனால் டிஸ்ப்ளேவையும் பேட்டரியையும் முடக்க முடியாது, போன் உதிரி பாகமாகப் போய்விடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். இந்த வழக்கில் வாங்கியவர் பெயர் எங்குமே இல்லை. ஆய்வு எழுதுகிறவனாக எனக்கு மிகவும் எரிச்சல் தந்த இடம் இதுதான்.

செய்தது

அவனை வாரம் ஒருமுறை கூடும் ஒரு சிறிய குழுவில் சேர்த்தேன். சிகாகோவில் பதின்வயதுப் பையன்களுக்காக நடக்கும் ‘பிகமிங் எ மேன்’ திட்டத்தில் முதல் பயிற்சி ஒன்று உண்டு. ஒருவன் கையில் பந்து, மற்றவன் முப்பது நொடிக்குள் அதை வாங்க வேண்டும். நான் பந்துக்குப் பதில் காரம் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தேன். இவனுக்கு எதிரே இருந்த பையன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான், முழங்கையை முறுக்கினான், நாற்காலி கவிழ்ந்தது. நேரம் முடிந்ததும், “கொடுன்னு கேட்டியா?” என்றேன். “கேட்டா குடுப்பானா?” ஸ்ட்ரைக்கரை வைத்திருந்த நம்மாளிடம் திரும்பினேன். “கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சார், இத வெச்சி நான் இன்னா பண்ணப் போறேன்” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். இவன் சிரிக்கவில்லை, முழங்கையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

அந்தத் திட்டத்தைச் சோதித்த ஆய்வு 2017இல் வந்தது. பயிற்சி நடந்த காலத்தில் மொத்தக் கைதுகள் 28 முதல் 35 சதவீதமும், வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதமும் குறைந்தன. பையன்களை நல்லவர்களாக மாற்றுவது அதன் நோக்கம் இல்லை. கொதிப்புக்கும் செய்கைக்கும் நடுவில் ஓர் இடைவெளியைப் பழக்குவதுதான் நோக்கம். இவனுக்கு வேண்டியதும் அதுதான். ‘இப்படி ஆனால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதும் இவனுக்கு ஒத்துவந்தது. “தண்டல்காரர் வாசலில் கத்தினால், நான் செருப்பைப் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் போவேன்.” “சின்னவன் சிரித்தால்” என்பதற்கு இன்னும் உருப்படியான பதில் கிடைக்கவில்லை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டான்.

வழக்கில் இப்போதைய சிக்கல் பிரிவு. பறிப்பு என்பதற்குப் புதிய சட்டத்தில் தனியாக 304ஆம் பிரிவு வந்திருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. வேண்டுமென்றே காயப்படுத்தி வழிப்பறி செய்ததாக எடுத்துக்கொண்டால் 309இன் ஆறாம் உட்பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகலாம். மணிக்கட்டு உடைந்திருப்பதால் அரசுத் தரப்பு இரண்டாவதைப் பிடித்திருக்கிறது. அவர் விழுவார் என்று நினைத்தாயா என்று அவனைக் கேட்டிருக்கிறேன். நினைக்கவில்லை என்றான், அது உண்மை என்றே எழுதினேன். விழுந்ததைத் திரும்பிப் பார்த்தாயா என்றும் கேட்டேன். பார்த்தேன் என்றான். அதையும் எழுதினேன். இரண்டாவதை அறிக்கையிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று வழக்கறிஞர் கேட்டார், முடியாது என்றேன். அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

இவன் மறுபடி காசிமேட்டுக்குப் போகிறான். தண்டல் பாக்கியை அம்மாவின் சுயஉதவிக் குழுக் கடன் வாங்கி அடைத்திருக்கிறார்கள். அடுத்த ஏப்ரல் 15க்குள் அந்த 61 நாளுக்கு ஏதாவது ஐஸ் ஃபேக்டரியிலோ லாரி ஷெட்டிலோ கூலி வேலை பார்த்து வைக்க வேண்டும். இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். வழக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் ஒருவர் முடியாது என்றுவிட்டார், இன்னொருவர் பங்குனி கழியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.